கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் கொடுக்கும் வாந்தி மாத்திரைகள்: வார்டில் தினமும் கேட்கப்படும் கேள்விகள்

கீமோ டே-கேர் வார்டில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஆபரேஷன் முடிந்து வருபவர்களைப் பார்த்துக்கொள்ளும் ரெக்கவரி அறையில் வேலை. இரண்டு இடத்திலும் நோயாளிகள் என்னிடம் அதிகம் பேசியது வாந்தியைப் பற்றித்தான். "முடி போனா போகட்டும் சிஸ்டர், இந்தக் குமட்டலை மட்டும் நிறுத்துங்க" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வாந்தியை அடக்க இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் "வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுகிற மருந்துகள் இல்லை இவை. எதை எப்போது போடுவது, எதோடு எது சேராது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் டோஸ் கணக்கெல்லாம் உங்கள் சீட்டை நீங்கள் புரிந்துகொள்வதற்காக. உங்கள் டாக்டர் வேறு மாதிரி எழுதியிருந்தால் அவர் சொன்னபடியே போடுங்கள். ஏன் என்று அவரிடம் கேட்கவும் செய்யுங்கள்.

கீமோ போட்டால் எல்லோருக்கும் வாந்தி வருமா?

வராது. எந்த மருந்து ஏற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தடுப்பு மருந்து எதுவும் தராமல் ஏற்றினால் 100 பேரில் 90 பேருக்கு மேல் வாந்தி எடுக்கவைக்கும் மருந்துகள் சில உண்டு. சிஸ்பிளாட்டின் அதில் முக்கியமானது. மார்பகப் புற்றுநோய்க்கு 'ஏசி' என்று எழுதுகிற டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஜோடியும் அப்படித்தான். 'சிவப்பு மருந்து' என்றால் வார்டில் எல்லோருக்கும் புரியும். அதற்குக் கீழே 30 முதல் 90 பேர், 10 முதல் 30 பேர் என்று இரண்டு படிகள். பாக்லிடாக்ஸெல் இந்த இரண்டாவது படியில் வரும். வின்கிரிஸ்டினுக்கு 100-ல் 10 பேர்கூட வாந்தி எடுப்பதில்லை. இந்தப் படியைப் பார்த்துத்தான் வாந்தி மருந்து எழுதுகிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நாலு மருந்தும் உங்களுக்கு ஒன்றும் இருந்தால் யாரும் உங்களை மறந்துவிடவில்லை.

உடம்பு வாகும் ஒரு காரணம். பெண்களுக்கும், இளவயதுக்காரர்களுக்கும், பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பவர்களுக்கும், மசக்கையில் ரொம்பக் கஷ்டப்பட்டவர்களுக்கும் அதிகம் வரும். "மூத்த பையன் வயித்துல இருந்தப்போ அஞ்சு மாசம் தண்ணிகூட தங்கல" என்று முதல் கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அதை வைத்து மருந்தைக் கூட்டுவார்கள்.

கீமோ அன்றைக்கு ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள்தான் படுத்திவிட்டது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கீமோ வாந்தி இரண்டு அலையாக வரும். முதல் அலை 24 மணி நேரத்துக்குள். கீமோ மருந்து குடலின் உள்சுவரைத் தாக்கும்போது அங்கிருக்கும் செல்கள் செரோட்டோனின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. உடம்பில் இருக்கும் செரோட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அது நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் அனுப்ப, மூளை வாந்தி எடுக்கச் சொல்கிறது. ஆன்டான்செட்ரான், கிரானிசெட்ரான் மாதிரி மருந்துகள் இந்தத் தகவலை மறிக்கின்றன. ஊசியாக இதைப் போட்டுத்தான் உங்களை வீட்டுக்கு அனுப்புகிறோம். அதனால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், இட்லிகூடச் சாப்பிடுவீர்கள்.

இரண்டாவது அலை ஒரு நாள் கழித்துத் தொடங்கி ஐந்து நாள் வரை நீளும். சிஸ்பிளாட்டினுக்கு 48 முதல் 72 மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும். இதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வேறொரு பொருள். சப்ஸ்டன்ஸ்-பி என்று பெயர், மூளைக்குள்ளேயே வேலை செய்கிறது. அதைத் தடுக்கும் மாத்திரைகள்தான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் அட்டையில் இருக்கின்றன.

லாரி ஓட்டும் ஐயா ஒருவர் சிஸ்பிளாட்டின் போட்ட நாலாவது நாள் மகன் தோளில் சாய்ந்து வந்தார். உதடு வெடித்திருந்தது, தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. சட்டைப் பையில் மாத்திரை அட்டை, ஒன்றுகூடப் பிரிக்காமல். "வாந்தியே வரலியேம்மா, எதுக்கு வீணா போடணும்னு விட்டுட்டேன்" என்றார். தண்ணீர் வற்றிய உடம்பில் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அவருக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏறி, மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏற்றி, அடுத்த கீமோவைத் தள்ளிவைக்க வேண்டியதாகிவிட்டது.

வாந்தி வருவதற்கு முன்னால் போடும் மருந்து இது. வந்த பிறகு அடக்குவது ரொம்பக் கடினம். "1, 2, 3-ம் நாள் காலை" என்று எழுதியிருந்தால் வயிறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் போட வேண்டும். போனில் அலாரம் வையுங்கள். சீட்டில் ஒரு மாத்திரைக்குப் பக்கத்தில் மட்டும் "தேவைப்பட்டால்" என்று இருக்கும். அதை மட்டும்தான் குமட்டலைப் பார்த்துப் போடுவது.

சீட்டில் நாலு மருந்து இருக்கிறது. எல்லாமே வாந்திக்குத்தானா?

ஆமாம். நாலும் நாலு வாசலை அடைக்கின்றன.

ஆன்டான்செட்ரான் வகையைச் சொல்லிவிட்டேன். எமிசெட் என்ற பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் 1991-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய காலத்தில் வாந்திக்குப் பயந்தே கீமோவைப் பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டு. இந்த வகையில் பலோனோசெட்ரான் மட்டும் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். அந்த ஊசி போட்டிருந்தால் வீட்டுக்கு ஆன்டான்செட்ரான் மாத்திரை எழுதாமல் அனுப்பலாம். "இந்தத் தடவை எமிசெட் விட்டுப்போச்சு" என்று நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், ஒரு போன் செய்து கேளுங்கள்.

மேலே சொன்ன சப்ஸ்டன்ஸ்-பி-யைத் தடுப்பது அப்ரெபிடன்ட். இந்தக் கேப்ஸ்யூல் மூன்றாக ஒரு டப்பாவில் வரும். முதல் நாள் 125 மில்லிகிராம், கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன்பு. அடுத்த இரண்டு நாளும் 80. டப்பாவில் இரண்டு நிறத்தில் இருக்கும், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பதிலாகச் சிலருக்கு ஃபோசப்ரெபிடன்ட் ஊசி ஒரே தடவை போடுவோம்.

டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு. அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

நாலாவது ஒலான்சபைன். வீட்டுக்குப் போய்ப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "எனக்கு மனநோய் மாத்திரை கொடுத்திருக்காங்க" என்று அழுதுகொண்டே போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். அது மனநோய்க்காக வந்த மருந்துதான். ஆனால் குமட்டலை, அதுவும் வாந்தியாக வெளியே வராமல் உள்ளேயே புரட்டிக்கொண்டிருக்கும் குமட்டலை, இது அடக்குகிற மாதிரி மற்றவை அடக்குவதில்லை. கீமோவுக்கு இது நாலு நாள் போடுவதுதான். இதில் கஷ்டம் தூக்கம். படுக்கப் போகும்போது போடுங்கள். இரவில் பாத்ரூம் போக எழுந்தால் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, அப்புறம் நடங்கள். வயதானவர் என்றால் யாராவது கூடப் படுக்க வேண்டும். மறுநாள் காலையில் தலை கிறுகிறுவென்றிருந்தால் பைக் எடுக்கக் கூடாது.

தூக்கம் தாங்க முடியவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 10 மில்லிகிராமையும் 2.5 மில்லிகிராமையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2024-ல் வெளியானது. வாந்தியைத் தடுப்பதில் சிறிய அளவு சளைக்கவில்லை, பகல் தூக்கம் குறைவாக இருந்தது. நம் நாட்டு நோயாளிகளிடம் செய்து பார்த்த ஆய்வு என்பதால் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

டெக்ஸா போட்டால் சுகர் ஏறுகிறதே? ஸ்டீராய்டு ஆபத்தில்லையா?

சுகர் ஏறும், உண்மை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நன்றாகவே ஏறும். அதுவரை சுகர் இல்லாதவர்களுக்கும் அந்த ரெண்டு மூன்று நாள் ஏறலாம். ஒலான்சபைனும் கொஞ்சம் ஏற்றும். அதற்காக மருந்தை விட்டுவிட முடியாது. கீமோ நாளிலிருந்து நாலைந்து நாள் வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிவையுங்கள். இன்சுலினையோ மாத்திரையையோ எவ்வளவு கூட்டுவது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாகம் அதிகமாகி, அடிக்கடி சிறுநீர் போய், கூடவே வாந்தியும் இருந்தால் அந்த வாந்தி சுகராலும் இருக்கலாம்.

காலையில் சாப்பிட்ட பிறகு போடுங்கள். சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சிலருக்கு விடாமல் விக்கல் வரும், சிலருக்கு முகம் சிவந்து சூடாகும். டெக்ஸாவை நரம்பில் வேகமாகச் செலுத்தினால் பிறப்புறுப்புப் பக்கம் திடீரென்று எரிச்சலும் அரிப்பும் வந்து ஒரு நிமிடத்தில் போய்விடும். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்வதில்லை. தெரிந்த விஷயம்தான், கெடுதல் இல்லை. சொன்னால் ஊசியை மெதுவாக ஏற்றுவோம்.

அப்ரெபிடன்ட் கூட இருந்தால் டெக்ஸாவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து எழுதுவார்கள், ஏனென்றால் அப்ரெபிடன்ட் டெக்ஸாவை உடம்பில் தேங்க வைக்கும். பழைய சீட்டிலிருக்கும் அளவைப் புதிய சீட்டோடு கலக்காதீர்கள்.

வாந்தி நிற்கவில்லை. இன்னொரு ஆன்டான்செட்ரான் போட்டுக்கொள்ளலாமா?

சீட்டில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் கூடாது. வழக்கமாக 8 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று தடவை எழுதுவார்கள். கல்லீரல் ரொம்பப் பாதிக்கப்பட்டிருந்தால் ஒரு நாள் முழுவதற்குமே 8-தான்.

காரணம் இதயம். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்சாரத்தைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஈசிஜி-யில் அதை 'க்யூடி' என்று அளப்பார்கள். ஆன்டான்செட்ரான் அந்த நேரத்தை நீட்டும். அளவாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அளவு மீறினாலோ, ஏற்கெனவே பலவீனமான இதயமாக இருந்தாலோ, துடிப்பு தாறுமாறாகி ஆள் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பெல்லாம் 32 மில்லிகிராமை ஒரே ஊசியாக நரம்பில் போட்டார்கள். 2012-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அது வேண்டாம், ஒரு தடவைக்கு 16-க்கு மேல் போகாதீர்கள் என்று எச்சரித்தது.

வாந்தியிலும் பேதியிலும் பொட்டாசியமும் மெக்னீசியமும் வெளியே போய்விடும். சிஸ்பிளாட்டின் தன் பங்குக்கு மெக்னீசியத்தைச் சிறுநீரில் இறக்கும். அவை குறைந்த உடம்பில்தான் இந்த மருந்து இதயத்தை அதிகம் தொந்தரவு செய்யும். வாந்தி நிற்காதவருக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான் தப்பு. அவருக்குத் தேவை ரத்தப் பரிசோதனையும் ட்ரிப்ஸும் வேறு வகை மருந்தும். படபடப்பு, கண் இருட்டுவது, மயக்கம் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், பேஸ்மேக்கர் இருந்தால், அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் வேறு வாந்தி மாத்திரை கொடுத்தார்கள். போடலாமா?

கேட்காமல் போடாதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை இரண்டு: மெட்டோகுளோபிரமைடு (பெரினார்ம் மாதிரி), டாம்பெரிடோன் (டாம்ஸ்டால் மாதிரி).

மெட்டோகுளோபிரமைடு சிலருக்குத் தசைகளை முறுக்கிவிடும், அதிகமாக இளம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை அவள் அப்பா தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கழுத்து ஒரு பக்கமாகத் திருகி நின்றுவிட்டது. கருவிழி மேலே செருகியிருந்தது, தாடை இறுகி வாயே திறக்க முடியவில்லை. ஆனால் நினைவு முழுக்க இருந்தது, பயத்தில் என் விரலை நசுக்கிவிட்டாள். வலிப்பு என்று ஒருவரும் காற்றுக்கருப்பு என்று ஒருவரும் சொல்லி, வழியில் ஒரு கோயிலில் நிறுத்தி விபூதி போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். முந்தின நாள் தெருமுனைக் கிளினிக்கில் வாந்திக்கு ஊசி போட்டதை அப்பா பத்து நிமிடம் கழித்துத்தான் சொன்னார். மாற்று ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. வாந்தி ஊசி அல்லது மாத்திரைக்குப் பிறகு ஓரிரு நாளுக்குள் இப்படி ஆனால், என்ன மருந்து போட்டீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கும் ஸ்டெமெட்டிலும் இதையே செய்யலாம். ஒலான்சபைன் போடுகிறவர்களுக்கு இவற்றைச் சேர்த்துத் தருவதை டாக்டர்கள் தவிர்ப்பார்கள்.

ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013-ல் மெட்டோகுளோபிரமைடை ஒரு நாளில் 30 மில்லிகிராமுக்கு மேல், ஐந்து நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கும் குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும் இது ஆகவே ஆகாது.

டாம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது, முறுக்குவது அரிது. ஆனால் இதுவும் இதயத்தின் அந்த க்யூடி நேரத்தை நீட்டும். இதற்கும் ஒரு நாள் அளவு 30-தான். இங்கேதான் நம் ஊரில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது: கேஸ் மாத்திரை. பெயருக்குப் பின்னால் 'டி' அல்லது 'டிஎஸ்ஆர்' என்று இருந்தால் அந்த 'டி' டாம்பெரிடோன். அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோலோடு, பலவற்றில் 30 மில்லிகிராம் டாம்பெரிடோன் உள்ளே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் அந்த கேப்ஸ்யூல், மத்தியானம் டாம்பெரிடோன் மாத்திரை, ராத்திரி ஆன்டான்செட்ரான் என்று போட்டுக்கொண்டு "நான் ஒரு வாந்தி மாத்திரைதான் போடுறேன்" என்று மனதார நம்புகிறவர்கள் எத்தனையோ பேர். இன்றைக்கே உங்கள் கேஸ் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

வேறு எந்த மருந்துகளைப் பற்றி டாக்டரிடம் சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும். அட்டைகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே கொண்டு வந்துவிடுங்கள், அதுதான் சுலபம். குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில. மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் வலிக்கான டிராமடாலும் ஆன்டான்செட்ரானோடு சேர்ந்தால் அரிதாகச் செரோட்டோனின் அதிகமாகி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், நிலைகொள்ளாத தவிப்பு வரும். வாய்ப்பூஞ்சைக்கான ஃபுளூகோனசோல், சளிக்கு வாங்கும் அசித்ரோமைசின் இரண்டும் க்யூடி-யை நீட்டக்கூடியவை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு அப்ரெபிடன்ட் அதன் பலத்தைக் குறைக்கும். ஒவ்வொரு கீமோவிலும் அப்ரெபிடன்ட் தொடங்கி ஏழிலிருந்து பத்து நாளில் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை, பார்க்கச் சொல்வோம். கருத்தடை மாத்திரையும் அப்ரெபிடன்ட் போட்டு ஒரு மாதம் வரை முழுப் பலன் தராது. கீமோ காலத்தில் கரு தரிப்பது ஆபத்து என்பதால் வேறு வழி வேண்டும். இதை அம்மா அப்பா முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னைப் போன்ற நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. வாந்தி மாத்திரையாலா?

இருக்கலாம். ஆன்டான்செட்ரானின் வழக்கமான பக்கவிளைவு மலச்சிக்கலும் தலைவலியும். வலிக்கு மார்ஃபின் அல்லது டிராமடால் போடுகிறவர்களுக்கு இரட்டிப்பாகும். மலம் கட்டினால் அதுவே குமட்டும். அதற்கு மறுபடி ஆன்டான்செட்ரான் போட்டால் இன்னும் கட்டும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். வாழைப்பழமும் கொய்யாவும் மட்டும் போதாது. எனிமாவை வீட்டில் நீங்களாக வைக்காதீர்கள், வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் அங்கே ஒரு சின்னக் கீறல் பட்டாலும் கிருமி உள்ளே போகும்.

வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் இருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது எந்த மாத்திரையும் வேண்டாம். கிளம்பி வாருங்கள்.

மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்துவிட்டேன். திரும்பப் போடலாமா?

வாந்தியில் மாத்திரை முழுசாகத் தெரிந்தால், அல்லது போட்டு சில நிமிடம்தான் ஆகியிருந்தால், மருந்து உள்ளே போகவில்லை. போன் செய்து கேட்டுவிட்டு மறுபடி போடலாம். நேரம் கடந்திருந்தால் கொஞ்சமாவது போயிருக்கும், அடுத்த வேளைவரை பொறுப்பதே நல்லது. கீமோவே மாத்திரையாகச் சாப்பிடுகிறவர்கள் அந்தக் கீமோ மாத்திரையை எக்காரணம் கொண்டும் தாங்களாகத் திரும்பப் போடக் கூடாது.

வாய் முழுக்கப் புண். விழுங்கவே முடியவில்லை. என்ன செய்வது?

நாக்கில் வைத்தால் கரையும் ஆன்டான்செட்ரான் மாத்திரை இருக்கிறது. ஈரக்கையால் தொட்டால் விரலிலேயே ஒட்டிக் கரைந்துவிடும். கையைத் துடைத்துவிட்டு எடுத்து நாக்கின் மேல் வையுங்கள், தண்ணீர் வேண்டாம். மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தால் சிரப் கேளுங்கள். அப்ரெபிடன்ட் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியை ட்யூபில் ஊற்றுவது சரியில்லை, அதற்கு ஊசி இருக்கிறது.

குழந்தைக்குப் பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. குழந்தைக்கு எடையையோ உடல் பரப்பையோ கணக்கிட்டுத்தான் அளவு. ஆன்டான்செட்ரான் சிரப்பில் வழக்கமாக 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். வீட்டு ஸ்பூனால் அளக்க வேண்டாம், ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. ஊசி இல்லாத சிரிஞ்சை வார்டிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் போடும் பிள்ளைகளுக்கு அந்த மருந்தே மலத்தைக் கட்டும், மலச்சிக்கல் பற்றி மேலே சொன்னது அவர்களுக்கும்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் வாந்தி வருமா? மயக்க மருந்து டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

இது கீமோ வாந்தியிலிருந்து வேறு. மூக்கு வழியாகக் கொடுக்கும் மயக்க வாயுவும் வலிக்கான மார்ஃபின் வகை ஊசிகளும் முக்கியக் காரணம். யாருக்கு வரும் என்று கணிக்க ஜெர்மனியில் அப்ஃபெல் என்ற மருத்துவர் 1999-ல் ஓர் எளிய கணக்கைக் கொடுத்தார். பெண்ணா, சிகரெட் பழக்கம் இல்லாதவரா, முன்பு ஆபரேஷனிலோ பயணத்திலோ வாந்தி எடுத்தவரா, ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுமா என்று நாலு கேள்வி. நாலுக்கும் ஆமாம் என்றால் 100-ல் 80 பேருக்கு வரும். எதற்கும் இல்லை என்றால் 10 பேருக்கு. நம் ஊரில் மார்பக ஆபரேஷனுக்கு வரும் அம்மாக்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் அப்படியே கொண்டுதான் வருகிறார்கள். "போன சிசேரியன்ல மயக்கம் தெளிஞ்சதும் நாள் பூரா வாந்தி" என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னால், வாயுவுக்குப் பதில் நரம்பு வழியாக மயக்கம் கொடுப்பது, தொடக்கத்தில் டெக்ஸா, முடியும்போது ஆன்டான்செட்ரான் என்று திட்டத்தையே மாற்றிக்கொள்வார். அத்தனைக்கும் பிறகு வாந்தி வந்தால், ஆறு மணி நேரத்துக்குள் அதே மருந்தைத் திரும்பப் போடுவதால் பிரயோஜனம் இல்லை, வேறு வகையைத்தான் போடுவார்கள். "எமிசெட் போடச் சொல்லுங்க சிஸ்டர்" என்று நீங்கள் கேட்டும் நாங்கள் வேறொன்றைக் கொண்டு வருவது இதனால்தான்.

வெறும் வயிறு ரொம்ப முக்கியம். திட உணவு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பு நிறுத்துவது பொதுவான கணக்கு. பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது. "பாவம், ஒரு வாய்தானே" என்று கொடுத்துவிட்டு மறைக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இன்னொன்று. குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கச் சில நாள் ஆகும். அந்த நேரத்தில் வாந்தி மருந்து குமட்டலை மூடி, உள்ளே குடல் நின்றுபோயிருப்பதை மறைத்துவிடலாம். ரவுண்ட்ஸில் தினமும் "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பது அதற்காகத்தான்.

ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே குமட்டுகிறது. இது மனப்பிரமையா?

பிரமை இல்லை. முதல் கீமோக்களில் வாந்தி சரியாக அடங்காமல் போனவர்களுக்கு மூளை அந்த இடத்தையும் வாந்தியையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஸ்பிரிட் பஞ்சின் வாசனை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓங்கரிப்பவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். இதற்கு ஆன்டான்செட்ரான் சரியாகக் கேட்பதில்லை. முந்தின இரவு லோராசெபாம் போன்ற பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதுவார்கள், அதை ஒலான்சபைனோடு சேர்த்தால் தூக்கம் கூடும் என்பதால் டாக்டர் சொன்ன அளவுதான். முதல் கீமோவிலேயே வாந்தியை முழுக்கத் தடுத்துவிட்டால் இந்த முடிச்சே விழாது.

இஞ்சி, சுக்கு, நாட்டு மருந்து?

சமையலில் போடுகிற அளவு இஞ்சி, எலுமிச்சை வாசனை, ஒரு துண்டு நார்த்தங்காய் எல்லாம் தாராளமாக. மாத்திரைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து போடுகிறவர்களும் தட்டணுக்கள் குறைந்தவர்களும் இஞ்சிச் சாறு, சூரணம் என்று அதிக அளவில் போக வேண்டாம். வேறு லேகியமோ கஷாயமோ எடுத்தால் திட்டுவார்களோ என்று மறைக்காமல் சொல்லுங்கள். சூடான சாம்பார் வாசனை தாங்கவில்லை என்றால் ஆறின தயிர்சாதம், இடியாப்பம், மோர் கொஞ்சம் கொஞ்சமாக.

எப்போது உடனே வர வேண்டும்?

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, போனாலும் அடர்ந்த மஞ்சளாகப் போகிறது என்றால். வாந்தியில் ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வந்தால். பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால். காலையில் எழுந்ததும் கடும் தலைவலியோடு வாந்தி வந்தால், அது மூளை சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் வாருங்கள். வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் கீமோவால்தான் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், வெள்ளை அணுக்கள் குறைந்து கிருமி பரவியிருக்கலாம். கேஷுவாலிட்டியில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. "கீமோ நடக்குது, கடைசியாப் போட்டது இந்தத் தேதி" என்று உள்ளே நுழையும்போதே சொல்லி ஃபைலை நீட்டுங்கள்.

இந்தத் தடவை மீந்த மாத்திரையை அடுத்த கீமோவுக்கு வைத்துக்கொள்ளலாமா?

"தேவைப்பட்டால்" மாத்திரையை வைத்துக்கொள்ளலாம், தேதி பார்த்து. கட்டாயம் போட வேண்டிய மாத்திரை ஏன் மீந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அட்டையோடு வாருங்கள். எந்த நாள் எத்தனை தடவை குமட்டியது, எத்தனை தடவை வாந்தி, எது சாப்பிட முடிந்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வந்தாலும் போதும். ஒரு அக்கா மகளின் பழைய கணக்கு நோட்டில் ஐந்து நாளுக்கும் கோடு போட்டுக் கொண்டு வந்தார். மூன்றாம் நாள் கட்டத்தில் மட்டும் ஏழு புள்ளி. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒலான்சபைனைச் சேர்த்தார். அடுத்த தடவை அதே நோட்டில் மூன்றாம் நாளில் ஒரு புள்ளி, அதற்குப் பக்கத்தில் "ரெண்டு இட்லி" என்று எழுதியிருந்தது.